பயப்பட வேண்டியது பவுண்டேஷனைப் பார்த்து அல்ல

நகைக்கடை ஒன்றில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கும் 29 வயது வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம். மூன்று வயதில் ஒரு மகள். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னங்களிலும் மேலுதட்டுக்கு மேலேயும் மங்கு விழுந்துவிட்டது. கவுன்ட்டரில் நிற்கும் பெண்கள் மேக்கப் போடாமல் வரக்கூடாது என்பது கடையில் எழுதாத சட்டம். காலை ஒன்பதரைக்குப் போட்டால் இரவு வீட்டுக்கு வந்துதான் கலைக்கிறார்.

ஏழு மாதங்களுக்கு முன் வீட்டுப் பக்கத்து பார்லர் அக்கா ஒரு வெள்ளை டப்பாவில் ‘நைட் கிரீம்’ கொடுத்திருக்கிறார். 350 ரூபாய். மூடியில் ஒரு பூப்படம்; கம்பெனி பெயர் எதுவும் இல்லை. குங்குமப்பூ சேர்த்த ஹெர்பல் கிரீம் என்று சொல்லியிருக்கிறார். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது, மங்கு பாதி மறைந்துவிட்டது. ஆனால் கடந்த இரண்டு மாதங்களாக, இரண்டு நாள் கிரீம் போடாவிட்டால் முகம் சிவந்து எரிகிறது. வெயிலில் நடந்தால் சுருக்கென்று குத்துகிறது. தாடையில் பொடிப்பொடியாகப் பரு, கன்னத்தில் மெல்லிய முடி. திரும்பக் கிரீமைப் போட்டால் எரிச்சல் அடங்கிவிடுகிறது. “அதனால் அந்த கிரீம் எனக்கு நன்றாக ஒத்துக்கொண்டது, கடையில் போடும் பவுண்டேஷன்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்” என்கிறார்.

கேள்விகள் நிறைய. கெமிக்கல் இல்லாத பவுண்டேஷன் எது? விலை கூடினால் பாதுகாப்பும் கூடுமா? பவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 20 இருக்கும்போது சன்ஸ்கிரீன் எதற்கு? லிப்ஸ்டிக்கில் ஈயம் இருக்கிறதாமே, புற்றுநோய் வருமா? தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். நாத்தனார் முடிச்சு போடும்போது வீடியோவில் தன் முகம்தான் தெரியும், அதற்குள் முகம் பொலிவாக வேண்டும். அடுத்த வருடம் இரண்டாவது குழந்தைக்கும் யோசனை இருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: “சாயங்காலம் கால் வீங்குகிறது, நாள் முழுக்க நிற்கிற வேலை, பழகிவிட்டது.”

அன்புச் சகோதரி,

பவுண்டேஷன் பற்றிச் சொல்கிறேன், ஆனால் முதலில் அல்ல. நீங்கள் சந்தேகப்படுகிற பொருளைவிட, நம்புகிற பொருள்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. பெயரும் முகவரியும் உள்ள ஒரு கம்பெனியின் பவுண்டேஷன் அதிகபட்சம் பருவையோ அலர்ஜியையோ கொடுக்கும். பெயரில்லாத அந்த டப்பா அதைவிடப் பெரிய பிரச்சினையைக் கொடுக்கக்கூடியது. சிலவற்றை ஏற்கெனவே கொடுத்துவிட்டது என்றும் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

அந்த டப்பாவில் என்ன இருக்கலாம்?

ஒரு வாரத்தில் முகத்தை வெளுக்க வைக்கும் குங்குமப்பூ எதுவும் இல்லை. அந்த வேகத்தில் வேலை செய்பவை பெரும்பாலும் இரண்டு: ஸ்டீராய்டு, பாதரசம்.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் நல்ல மருந்துகள்தான். கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் தோல் மருத்துவர்களான நாங்களே எழுதிக் கொடுக்கிறோம், இத்தனை நாள், இந்த இடத்தில் மட்டும் என்று கணக்குச் சொல்லி. அவை ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழற்சியை அடக்கும், நிறமி செல்களின் வேலையைக் குறைக்கும். அதனால் முதல் சில வாரங்களில் முகம் வெளுத்து, வழுவழுப்பாகி, கண்ணாடி பார்க்கவே ஆசையாக இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். சுருக்கியே வைத்திருந்த குழாய்கள் மருந்து நின்றதும் ஒரேயடியாக விரியும். அதுதான் நீங்கள் சொல்லும் சிவப்பு, எரிச்சல், வெயிலில் குத்துவது எல்லாம். பொடிப்பருவும் முடி வளர்ச்சியும் இதே கதையின் அடுத்த பக்கங்கள். இதற்கு எங்கள் துறையில் ஒரு பெயரே உண்டு: ‘டாபிகல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ்’, அதாவது ஸ்டீராய்டு பூசிக் கெட்டுப்போன முகம். எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அன்றாடம் பார்ப்பது.

கிரீமைத் திரும்பப் போட்டதும் அடங்குவது, அது ஒத்துக்கொண்டதற்கு அடையாளம் அல்ல; உங்கள் தோல் அதற்கு அடிமைப்பட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். குடியை நிறுத்தினால் கை நடுங்குகிறவருக்கு, குடித்ததும் நடுக்கம் நிற்கிறது என்பதற்காகச் சாராயம் மருந்தாகிவிடாது. மங்கு மறைந்தது என்கிறீர்களே, அதுவும் தற்காலிகம்தான். ஸ்டீராய்டில் மறைந்த மங்கு, முன்பைவிடக் கருமையாகத் திரும்பி வருவதை நிறையப் பார்க்கிறோம். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018 மார்ச்சில் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை ‘எச்’-இல் சேர்த்தது. ஆனால் மூடியில் பூ மட்டும் போட்ட டப்பாவை எந்த அட்டவணையில் தேடுவது?

இரண்டாவது பாதரசம். மெலனின் உருவாவதற்குத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியை அது முடக்கிவிடும், அதனால் தோல் வெளுக்கும். விலை மலிவு. கிரீமில் கலந்துவிட்டால் மணத்திலோ நிறத்திலோ கண்டுபிடிக்க முடியாது. தோல் வழியே உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த 22 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு வந்திருந்தது சிறுநீரக வடிகட்டிகள் பழுதாகி, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒரு நோய். அதில் ‘நெல்-1’ என்ற அரிய வகை 15 பேருக்கு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள் என்பது ஆறுதலான செய்தி. 2023-இலேயே கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை போட்டது.

உங்கள் அறிகுறிகளைப் பார்த்தால் ஸ்டீராய்டு என்றுதான் படுகிறது. ஆனால் பாதரசம் இல்லை என்று கடிதத்தைப் படித்தோ டப்பாவை முகர்ந்தோ யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்.

கால் வீக்கம்

நீங்கள் பழகிவிட்டது என்று சொன்ன அந்த வரியைத்தான் நான் மூன்று முறை படித்தேன். நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்குச் சாயங்காலம் கால் வீங்குவது சகஜம், மறுக்கவில்லை. அந்த வீக்கம் இரவு படுத்து எழுந்தால் வடிந்துவிடும். ஆனால் ஏழு மாதமாக என்னவென்றே தெரியாத வெளுப்பு கிரீம் போட்டிருக்கும் ஒருவருக்குக் கால் வீங்கினால், நிற்கிற வேலைதான் காரணம் என்று சோதிக்காமல் முடிவு கட்டக்கூடாது. காலையில் எழும்போது கண் இமைகள் உப்பியிருக்கின்றனவா, சிறுநீர் கழித்ததும் நுரை அடங்காமல் நிற்கிறதா, மோதிரம் இறுக்குகிறதா என்று கவனியுங்கள்.

பார்க்க வேண்டிய பரிசோதனை சிறியதுதான். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சாதாரண ‘யூரின் ரொட்டீன்’. கூடவே ரத்த அழுத்தம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ‘கிரியேட்டினின்’ ரத்தப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் செலவே இல்லை. புரதம் இல்லை என்று வந்தால் நிம்மதி. இருந்தால் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள்; ரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரச அளவைப் பார்க்க அவர் ஏற்பாடு செய்வார். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்தப் ‘பெரும்பாலும்’ உங்களுக்கும் பொருந்துகிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது, அதுவும் இன்னொரு குழந்தைக்குத் திட்டமிடும் நேரத்தில்.

இந்த வாரம் என்ன செய்வது?

அந்த கிரீமை இனி முகத்தில் வைக்காதீர்கள். ஒரே நேரத்தில் தோல் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். இரண்டையும் பிரிக்க வேண்டாம். நிறுத்திய மூன்றாம் நாளிலிருந்து முகம் சிவக்கும், எரியும், பரு கிளம்பும். முதல் இரண்டு மூன்று வாரம் கஷ்டம்தான். அதைத் தனியாகத் தாங்கப் பார்த்துத் தோற்றுப்போய் மறுபடி டப்பாவைத் திறப்பவர்களே அதிகம். மருத்துவர் தேவைப்பட்டால் வீரியம் தெரிந்த, குறைந்த ஸ்டீராய்டைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். அல்லது டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பு எழுதுவார். தோல் முழுதாகத் தேற மாதங்கள் ஆகலாம். மாவட்டத் தலைநகர் அரசு மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. காசுக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். மூடி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தலையணை உறை, முகம் துடைக்கும் துண்டு இரண்டையும் மாற்றுங்கள். இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது: பாதரச கிரீம் போடுபவரின் துணியிலும் கையிலும் ஒட்டி, ஆவியாகவும் பரவி, அதே வீட்டில் உள்ள குழந்தைகளின் உடம்பிலும் ஏறியிருக்கிறது. இரவில் கன்னத்தோடு கன்னம் ஒட்டித் தூங்கும் மூன்று வயது மகள் உங்களுக்கு இருக்கிறாள். உங்கள் பரிசோதனையில் பாதரசம் கூடுதலாக இருந்தால் மட்டும் அவளுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதே அவளை லேபுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

எலுமிச்சை, சர்க்கரை ஸ்க்ரப், பிளீச், பார்லர் பேஷியல், கன்னத்து முடிக்கு வேக்ஸிங் எல்லாவற்றுக்கும் இப்போது லீவு. மெலிந்த தோலில் பிளீச் பட்டால் வெந்துவிடும். எலுமிச்சைச் சாறோடு வெயிலில் போனால் கொப்புளமும் கரும்படையும் வரலாம். வீட்டுப் பொருள்தானே என்று அதற்குத் தனிச்சலுகை கிடையாது. மென்மையான கிளென்சர், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இப்போதைக்கு இந்த மூன்றே போதும்.

சரி, மேக்கப்புக்கு வருவோம்

முகம் ‘பளபளக்கிறது’ என்றால் என்ன நடக்கிறது? ஈரப்பதம் உள்ள, சமமான தோலின் மேல் விழும் வெளிச்சம் ஒழுங்காகத் திரும்புகிறது. காய்ந்து செதில் எழும்பிய தோலில் அதே வெளிச்சம் சிதறிப்போய், முகம் மங்கலாகத் தெரிகிறது. வெளுப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நல்ல மாநிறத்திலும் கருநிறத்திலும் இந்தப் பொலிவு வெளுத்த தோலைவிட எடுப்பாகத் தெரியும். கல்யாண போட்டோ எடுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’-ஐ எடுத்துவிட்டு ‘குளோ’ என்று மாற்றிக்கொண்டது. டப்பாவில் பெயர் மாறினாலும், வாங்குபவர் மனதில் இரண்டும் இன்னும் ஒன்றாகவே கிடக்கின்றன.

ஆகவே பொலிவுக்கான முதல் மேக்கப் பொருள் மாய்ஸ்சரைசர். முகம் கழுவி, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் தடவுங்கள். உங்களுக்கு இப்போது பரு இருப்பதால் எண்ணெய்ப் பசை குறைந்த ஜெல் வகை சரி. அதன்மேல் சன்ஸ்கிரீன். பவுண்டேஷனில் உள்ள எஸ்.பி.எஃப். 20 போதாது. ஏன் என்று கேட்டால், அந்த எண் சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவிக் கணக்கிட்டது. அந்தத் தடிமனில் பவுண்டேஷன் போட்டால் முகம் பூச்சுவேலை செய்த சுவராகிவிடும், யாரும் போடுவதில்லை. சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் தடவுங்கள்.

மங்கு உள்ளவர்களுக்குச் சாயம் கலந்த ‘டிண்டட்’ சன்ஸ்கிரீன் சிறந்தது. புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் நம் நிறத் தோலில் மங்கைக் கூட்டும். அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு. பொருட்பட்டியலில் ‘ஐயன் ஆக்சைடு’ என்றோ சி.ஐ. 77491, 77492, 77499 என்றோ இருக்கிறதா பாருங்கள். வெள்ளை சன்ஸ்கிரீன் விடும் சாம்பல் படலமும் இதில் இருக்காது. தினசரி கடைக்குப் போக, பல பேருக்கு இது ஒன்றே பவுண்டேஷனுக்குப் பதிலாகவும் போதும். உங்களுக்கும் முதல் இரண்டு மாதம் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் யோசனை. உதட்டுக்குச் சாயம், புருவத்துக்குப் பென்சில், கண்ணுக்கு மை. போதாதா?

போதாது என்று கடையில் சொன்னால் பவுண்டேஷன். நம் பெண்கள் செய்யும் பெரிய தப்பு, ஒரு ஷேடு வெளுப்பாக எடுப்பது. போட்ட உடனே நன்றாகத்தான் இருக்கும். மதியத்துக்குள் அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி மேலே தெரிந்து முகம் சாம்பல் பூத்து, கழுத்து வேறு ஆள் கழுத்து மாதிரி ஆகிவிடும். கை மேல் தேய்த்துப் பார்ப்பதில் பயனில்லை, கையும் முகமும் ஒரே நிறம் இல்லை. தாடை ஓரத்தில் மூன்று ஷேடுகளைக் கோடாகப் போட்டுக்கொண்டு, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நகைக்கடை விளக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் விளக்கு தங்கத்துக்கு என்ன செய்கிறதோ அதையே தோலுக்கும் செய்யும். கால் மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். தோலின் எண்ணெயோடு சேர்ந்து சில பவுண்டேஷன்கள் ஆரஞ்சாக மாறிவிடும். மூன்றில் எந்தக் கோடு தேடினாலும் தெரியவில்லையோ அதுதான் உங்கள் ஷேடு.

மங்கை மறைக்கப் பவுண்டேஷனை மூன்று அடுக்கு போட வேண்டாம். பீச் அல்லது ஆரஞ்சு நிறக் ‘கரெக்டர்’ துளி எடுத்து, படை இருக்கும் இடத்தில் மட்டும் விரலால் ஒற்றி, மேலே மெல்லிய ஒரு அடுக்கு பவுண்டேஷன். பழுப்பில் கலந்திருக்கும் நீலச்சாம்பலை ஆரஞ்சு அடித்துவிடும். பவுடர் நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும். கன்னத்தை விட்டுவிடுங்கள், பொலிவு தெரிவது அங்கேதான். மினுக்கு வேண்டுமென்றால் கன்ன எலும்பின் மேல் கிரீம் ஹைலைட்டர். பெரிய துகள் கிளிட்டரைக் கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள், உள்ளே விழுந்தால் கருவிழியைக் கீறும்.

கலைப்பதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, அதனால் கேட்கிறேன்: ஈரமான வைப்ஸால் தேய்த்துத் துடைக்கிறீர்களா? இப்போதைய உங்கள் தோலுக்கு அந்தத் தேய்ப்பு ஆகாது. மேக்கப் கலைக்கும் திரவமான மைசெல்லார் வாட்டரில் நனைத்த பஞ்சை ஒற்றி எடுத்துவிட்டு, கிளென்சரால் ஒருமுறை கழுவுங்கள். பரு இருக்கும்வரை தேங்காய் எண்ணெயால் மேக்கப் கலைக்க வேண்டாம், அது துளைகளை அடைக்கும்.

லேபிளில் எதைப் பார்ப்பது, எதைப் பொருட்படுத்த வேண்டாம்

தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, பொருட்பட்டியல். இவை இருக்க வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள். வெளிநாட்டுப் பொருளென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் யாராவது பெட்டியில் கொண்டுவரும் கிரீமில் இது எதுவும் இருக்காது. சில சமயம் நமக்குப் படிக்கவே தெரியாத மொழியில் இருக்கும். ‘கேலோமெல்’, ‘மெர்க்கூரஸ் குளோரைடு’, ‘மெர்க்குரிக்’ என்று பாதரசத்தைக் குறிக்கும் சொற்கள் கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆனால் நேர்மையாக எழுதிப்போட்டு விற்கும் பாதரசக்காரர்கள் குறைவு.

‘கெமிக்கல் ஃப்ரீ’, ‘டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்’, ‘நேச்சுரல்’ என்ற மூன்றையும் விளம்பரமாக எடுத்துக்கொள்ளுங்கள். பார்லர் டப்பாவும் ஹெர்பல் என்ற பெயரில்தானே வந்தது! வாசனைத் திரவியமும் பூ எண்ணெய்களும் அலர்ஜி தருவதில் முன்னணியில் இருப்பவை. இன்னொன்று, நம் தோலில் ஒப்பனை அலர்ஜி எப்போதும் அரிப்பாக வருவதில்லை. அரிப்பே இல்லாமல் முகம் மெல்லக் கறுத்துக்கொண்டே போகலாம். குங்குமத்துக்கும் வாசனைப் பொருட்களுக்கும் இப்படிக் கறுத்தவர்கள் அதை மங்கு என்று நினைத்து, மேலே வெளுப்பு கிரீம் போட்டு வருவார்கள். ஒட்டும் பொட்டின் பசை சிலருக்கு அந்த இடத்தை வெள்ளையாகவே ஆக்கிவிடும்.

விலைக்கும் பாதுகாப்புக்கும் நேர்க் கணக்கு இல்லை. விலை கூடும்போது ஷேடு வகைகளும் பேக்கிங்கும் கூடுகின்றன. 300 ரூபாய்க்கு நல்ல மாய்ஸ்சரைசர் கிடைக்கிறது. பெரிய பிராண்டின் பெயரில் பாதி விலைக்கு நடைபாதையில் விற்பதுதான் ஆபத்து, அது போலி.

லிப்ஸ்டிக் ஈயத்துக்கு ஒரு வரி: அழகுசாதனங்களில் சேர்க்கும் நிறமிகளில் ஈயம் 20 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 20 பங்கை) தாண்டக்கூடாது என்று நம் விதி சொல்கிறது. உரிமம் பெற்ற லிப்ஸ்டிக்கைத் தினமும் போடுவதால் புற்றுநோய் வரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஈயத்துக்காகக் கவலைப்பட வேண்டிய பொருள், கண்ணில் இடும் சுர்மா. சிலவற்றில் பாதிக்கு மேல் ஈய சல்பைடாகவே இருக்கும். குழந்தைக்கு அதை வைக்காதீர்கள்.

எதைப் புதிதாக வாங்கினாலும் முழங்கை மடிப்பின் உட்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவு, காலையும் மாலையும், ஏழு நாள் தடவிப் பாருங்கள். கடையில் ஒருமுறை தேய்த்துப் பார்ப்பது சோதனை ஆகாது, அலர்ஜி எழும்ப நாட்கள் ஆகும்.

தம்பி கல்யாணம்

தைக்குள் முகம் முழுதாகத் தேறிவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். எரிச்சல் பெருமளவு அடங்கியிருக்கும், மங்கு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். கரெக்டரும் மெல்லிய பவுண்டேஷனும் வீடியோவுக்குத் தாராளம். மேக்கப் போடுபவரை இப்போதே பிடித்து, மூன்று வாரத்துக்கு முன் ஒரு டிரையல் வைத்துக்கொள்ளுங்கள். பவுண்டேஷனையும் மஸ்காராவையும் உங்களுடையதையே கொண்டுபோங்கள். பத்துப் பேர் கண்ணில் பட்ட மஸ்காரா பிரஷ்ஷோடு கண் வலியும் சேர்ந்து வரும். டிரையலில் போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள், சில ‘எச்.டி.’ பவுடர்கள் நேரில் தெரியாமல் படத்தில் மட்டும் திட்டுத்திட்டாக வெள்ளை அடிக்கும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது யார் எந்தப் பேஷியலைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். குளுடாதையோன் ஊசியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நிறம் வெளுக்க அதைப் போட நம் நாட்டில் ஒப்புதல் இல்லை.

இரண்டாவது குழந்தை

சிறுநீர்ப் பரிசோதனை முடிவும், தேவைப்பட்டால் பாதரச அளவும் தெரிந்த பிறகு திட்டமிடுங்கள். பாதரசம் நஞ்சுக்கொடி தாண்டிக் கருவுக்குப் போகும் என்பதால்தான் இந்த வரிசை. கருத்தரிக்க முயலும்போதும் கர்ப்பத்திலும், பருவுக்கும் மங்குக்கும் போடும் ரெட்டினால், டிரெடினாயின், அடாபலீன், ஹைட்ரோகுவினோன் வேண்டாம். மங்குக்காக மருத்துவர் ஏதாவது எழுதும்போது உங்கள் திட்டத்தை மறக்காமல் சொல்லுங்கள். அசெலாயிக் அமிலம், நியாசினமைடு, ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன் ஆகியவற்றைக் கர்ப்பத்திலும் தொடரலாம். மங்கு மறுபடி கூடும் வாய்ப்பு இருக்கிறது. அது ஹார்மோனின் வேலை, உங்கள் கவனக்குறைவு அல்ல.

கடையிலும் பார்லரிலும் பேச வேண்டியவை

சிகிச்சை முடியும்வரை கனமான மேக்கப் கூடாது என்று மருத்துவரிடம் சீட்டு வாங்கி மேலாளரிடம் கொடுங்கள். வாயால் சொல்வதைவிடத் தாளுக்கு மதிப்பு அதிகம். அப்புறம், கால் வீக்கத்துக்குச் சிறுநீரகம் காரணம் இல்லை என்று தெரிந்தாலும் அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது உங்கள் உரிமை. நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள், தனியாகக் கேட்டால் பெயர்தான் கெடும்.

பார்லர் அக்காவிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவரும் எவரோ சொன்னதை நம்பித்தான் விற்கிறார், அநேகமாகத் தானும் அதையே போடுகிறார். எங்கே வாங்கினார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தகவலோடும் டப்பாவின் போட்டோவோடும் மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம்; மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் பில் இல்லாமல் வாங்கியதால் அது இழுக்கும். பணம் கொடுத்த ஜி.பே. பதிவு போனில் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். டப்பாவில் மிச்சம் இருக்கும் கிரீமை நீங்களே தனியார் லேபுக்கு அனுப்பிச் செலவழிக்க வேண்டாம், முதலில் தோல் மருத்துவர் கையில் கொடுங்கள். யூரின் ரிப்போர்ட்டில் புரதம் ‘2 பிளஸ்’ அல்லது அதற்கு மேல் என்று வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே சிறுநீரகப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.